நாற்பது பேரின் நிய்யத்து

சீனிக்கு ஒரு குளிசை, பிரஷருக்கு ஒரு குளிசை என்று காலையில் பிரித்துவைத்துக்கொண்டு உட்காரும் வயதுக்கு நாமெல்லாம் வந்துவிட்டோம். கூடப் படித்தவர்கள் நான்கு பேர் சந்தித்தால் முழங்கால் வலியில் தொடங்கி, வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகளைச் சுற்றி, கடைசியில் பள்ளிக்கூடத்தில்தான் வந்து நிற்கிறோம். ஒவ்வொருவரும் தாங்கள் செய்த குறும்பைச் சொல்வீர்கள். நான் சிரித்துக்கொண்டு சும்மா இருந்துவிடுவேன். நான் செய்தது குறும்பில்லை. எட்டாம் ஆண்டில் ஒரு பிள்ளைமேல் எனக்குப் பொறாமை. அந்தப் பொறாமை என்ன செய்தது என்பதை உங்களில் சிலர் அதே வகுப்பில் உட்கார்ந்து பார்த்தீர்கள், இப்போது மறந்திருப்பீர்கள். போன மாதம் வந்த ஒரு தொலைபேசி அழைப்பு அதை மறுபடி கிளறிவிட்டது. அதனால் எழுதுகிறேன்.

யுத்தத்தின் நடுவே வடக்கிலிருந்து முஸ்லிம் சனங்களை இயக்கக்காரர் ஊரை விட்டுப் போகச் சொன்ன வருடம் உங்களுக்கு நினைவிருக்கும். மன்னார்ப் பக்கத்து ஆட்கள் வள்ளங்களில் கற்பிட்டியில் வந்து இறங்கினார்கள். அங்கிருந்து லொறிகளில் எங்கள் புத்தளப் பக்கம் வந்தபோது மதுரங்குளிச் சந்தியில் வைத்துப் பாணும் வாழைப்பழமும் கொடுத்தோம். எங்கள் வீட்டுக்குப் பின்னாலிருந்த தென்னந்தோட்டத்தில் வாப்பா இடம் கொடுத்தார். ஒரு மாதத்துக்குள் தென்னைகளுக்கு நடுவே கிடுகுக் கொட்டில்கள் வரிசையாக எழும்பிவிட்டன. எங்கள் கிணற்றடி அதற்குப் பிறகு ஒரு நாளும் காயவில்லை.

வேலிக்கு அடுத்த கொட்டிலில் ஒரு தகப்பன், ஒரு தாய், என் வயதில் ஒரு பெண் பிள்ளை. ஊர் அவளை மன்னார்ப் பிள்ளை என்றது. நானும் அப்படியே சொல்கிறேன்.

முதலில் எனக்கு அவளுடைய கையெழுத்தின் மேல்தான் பொறாமை வந்தது. என் எழுத்து எப்போதும் கோணல். வரியை விட்டு மேலே ஏறும், பிறகு பயந்து கீழே இறங்கும். அவள் எழுதினால் அச்சில் விழுந்த மாதிரி இருக்கும். வந்த இரண்டாம் கிழமை வகுப்பாசிரியை என் கொப்பியையும் அவள் கொப்பியையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்துக் காட்டினார். ஒரு கொப்பியும் ஒரு கறுப்புப் பேனையும் தவிர அந்தப் பிள்ளையிடம் வேறொன்றும் இல்லை. என்னிடம் எல்லாம் இருந்தது, எழுத்து மட்டும் இல்லை.

பிறகு அவளுடைய பயணத்தின் மேல் பொறாமை. அவள் கடலில் வந்தவள். சிலாபத்தைத் தாண்டாத எனக்கு அது எவ்வளவு பெரிய விஷயம். இடைவேளையில் பிள்ளைகள் அவளைச் சுற்றி உட்கார்ந்து வள்ளத்துக் கதை கேட்பார்கள். எனக்குச் சொல்வதற்கு ஒரு துக்கமும் இல்லையே என்று அப்போது உண்மையாகவே கவலைப்பட்டேன். சிரிக்காதீர்கள்.

எல்லாவற்றுக்கும் மேலே உம்மா. எங்கள் வீட்டில் நபிகள் புகழ் மௌலூது ஓதி முடிந்து, கூடித் தின்னும் பெரிய தட்டான சஹன் வைத்த நாள் ஒன்று. ஒரு சஹனைச் சுற்றி ஆறு பெண்கள். நெய்ச்சோற்றின் ஏலக்காய் வாசம் எழும்பிக்கொண்டிருந்தது. உம்மா மன்னார்ப் பிள்ளையைக் கூப்பிட்டு எனக்கும் தனக்கும் நடுவில் உட்காரவைத்தார். சஹனின் முறை எல்லோருக்கும் தெரியும். அவரவர் முன்னால் இருக்கிற சோறு அவரவருக்கு, நடுவில் இருக்கிற இறைச்சி பொது. உம்மா நடுவிலிருந்து ஒரு பெரிய ஈரல் துண்டை எடுத்தார். அது எனக்குத்தான் என்று இருந்தேன். பிறந்ததிலிருந்து ஈரல் எனக்குத்தான். உம்மா அதை அவள் பக்கத்துச் சோற்றில் வைத்து, "தின்னுங்க புள்ள, மெலிஞ்சு போய் இருக்கீங்க" என்றார். அவள் அதைப் பிய்த்துப் பாதியை என் பக்கம் தள்ளினாள். நான் தொடவில்லை. அவள் அந்தப் பாதியையும் தின்றாள்.

இந்த நேரத்தில்தான் வரலாறு படிப்பித்த சேர் அமெரிக்காவைக் கொண்டுவந்தார்.

பாடப் புத்தகத்தில் அது ஒன்றரைப் பக்கம். சேருக்கு அது போதவில்லை. முதலில் பதின்மூன்று மாநிலங்கள் சேர்ந்து ஓர் ஒன்றியம் அமைத்தன. மற்ற நிலமெல்லாம் ஆள்புலம். ஆள்புலத்துக்கு மேலேயிருந்து ஓர் ஆளுநரை அனுப்புவார்கள். சபைக்கு அவர்கள் ஒருவரை அனுப்பலாம். அவர் அங்கே பேசலாம், ஆனால் வாக்களிக்க முடியாது. ஆள்புலத்தில் அறுபதாயிரம் பேர் சேர்ந்ததும் தங்களுக்கென்று ஒரு யாப்பு, அதாவது அரசியலமைப்பு, எழுதிக்கொண்டு போய்ச் சபையிடம் கேட்கலாம். சபை ஏற்றுக்கொண்டால் அதுவும் ஒரு மாநிலம். கொடியில் ஒரு நட்சத்திரம் கூடும்.

"இத எழுதிப் பாடமாக்கினா நாளைக்கு மறந்துடுவீங்க. நாம செஞ்சு பாப்பம்" என்றார் சேர்.

முன் வாங்கில்களில் இருந்த பதின்மூன்று பேர் பழைய மாநிலங்கள். நானும் அதில் ஒருத்தி. எனக்கு ரோட் ஐலண்ட் வந்தது. இருக்கிறதிலேயே சின்னது என்று பையன்கள் சிரித்தார்கள். பின்னால் இருந்தவர்கள் ஒவ்வொருவரும் ஓர் ஆள்புலம். சேர் தான் உடுத்துப் பழசான நீலச் சாரம் ஒன்றைக் கிழித்து விரித்துச் சுவரில் அடித்தார். சிகரெட் பெட்டிக்குள் இருக்கும் வெள்ளித் தாளில் பதின்மூன்று நட்சத்திரம் வெட்டி, கோதுமை மாப் பசையால் ஒட்டினோம். வெட்டியது நான். கத்திரிக்கோல் என்னுடையது. அதனால் நட்சத்திரங்களுக்கு நானே பொறுப்பு என்று சேர் சொல்லிவிட்டார்.

ஆள்புலம் என்ற சொல் யாருக்கும் வாயில் நிற்கவில்லை. ஒரு பையன் பரீட்சையில் 'ஆள்புலம் என்பது ஆட்கள் புலம்பும் இடம்' என்று எழுதினான். சேர் வாசித்துச் சிரித்தார். பிறகு யன்னலால் எங்கள் தோட்டத்துக் கொட்டில்களைப் பார்த்துவிட்டு, அவனுக்கு ஒரு புள்ளி போட்டார்.

அதைவிடக் கஷ்டமான சொல் சமஷ்டி, கூட்டாட்சிக்கு எங்கள் புத்தகம் சொன்ன பெயர். தமிழ்க் கட்சிகள் கேட்டது அதைத்தான் என்பதால் அந்தக் காலத்தில் அந்தச் சொல்லைச் சொல்வதற்கே ஆட்கள் பயந்தார்கள். சேர் கரும்பலகையில் பெரிதாக எழுதியதை அதிபர் வராந்தாவால் போகும்போது பார்த்துவிட்டு உள்ளே வந்தார்.

"சேர், அந்தச் சொல்ல அழிச்சிருங்க. ரோட்டுக்குத் தெரியுது."

"பாடத்துல இருக்குத்தானே?"

"பாடத்துல இருக்கட்டும். பலகையில வேணாம்."

சேர் அழித்தார். சற்று யோசித்துவிட்டு எங்களிடம், "சரி, சஹன் எண்டு வெச்சுக்கங்க. அவரவர் பக்கம் அவரவருக்கு. நடுவுல உள்ளது எல்லாருக்கும் பொது. தட்டு ஒண்டு" என்றார். அதற்குப் பிறகு எங்களுக்கு அது சஹன்தான். தவணைப் பரீட்சையில் முக்கால்வாசி வகுப்பு 'அமெரிக்கா ஒரு சஹன் நாடு' என்று எழுதியது. வேறு எந்த ஊரில் இப்படி ஒரு விடை வந்திருக்கும்?

அறுபதாயிரத்துக்கு எங்கே போவது? "நாப்பது வைப்பம்" என்றார் சேர். ஏன் நாற்பது என்று யாரும் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்கு நாற்பது ஆண்கள் வேண்டும் என்பது எங்கள் ஊரில் பால்குடிக்கும் பிள்ளைக்கும் தெரியும். ஒவ்வோர் ஆள்புலமும் தன் அக்கம்பக்கத்தில் குடியிருக்கிற நாற்பது பெரியவர்களின் பெயரை எழுதிக்கொண்டு வரவேண்டும், கூடவே ஒரு யாப்பு. "உம்மாமார சேக்கலாமா சேர்?" என்று ஒருத்தி கேட்டாள். சேர்க்கலாம் என்றார். பெண்கள் பக்கம் முழுக்கக் கைதட்டினோம்.

எனக்கு ஒரு கேள்வி இருந்தது. எழுந்து கேட்டேன்.

"சேர், முதல்ல இருந்தவங்களும் பிறகு வந்தவங்களும் ஒண்டா?"

"ஓம். எல்லாத்துலயும் சரிசமம். அதுதான் அங்க சட்டம்."

"அப்ப முதல்ல இருந்ததால என்ன பலன்?"

"ஒண்டும் இல்ல. தள்ளி இருந்து இடம் குடுத்தவங்க எண்ட பேர் கிடைக்கும்."

அந்தப் பேர் எனக்கு வேண்டாம் என்று நினைத்தபடி உட்கார்ந்தேன்.

ஆள்புலங்கள் ஒவ்வொன்றாக மாநிலமாகின. யாப்பு என்று ஆளுக்கு இரண்டு வரி எழுதிக்கொண்டு வந்தார்கள். வீட்டுவேலை தரக்கூடாது, வெள்ளிக்கிழமை முழுநாள் விடுமுறை, இப்படி. சபை கையுயர்த்தும், நான் நட்சத்திரம் ஒட்டுவேன். ஒரு நாள் சேர், "நாளைக்கு மன்னார்ப் புள்ளையோட முறை" என்றார்.

இதற்கிடையில் வீட்டில் வேறொரு கணக்கு நடந்துகொண்டிருந்தது. வாப்பா எங்கள் பள்ளிவாசலின் நம்பிக்கையாளர், நிர்வாகம் அவர் கையில். தோட்டத்து ஆட்கள் தங்களுக்கென்று கிடுகால் ஒரு தக்கியா, சின்னத் தொழுகைக் கொட்டில், கட்டி ஐந்து நேரம் தொழுதார்கள். ஜும்ஆவுக்கு மட்டும் வெயிலில் நடந்து எங்கள் பள்ளிக்கு வரவேண்டும். அங்கே இடம் போதாது. அவர்கள் முற்றத்து மணலில் பாய் விரித்துத் தொழுதார்கள். அதனால் தங்கள் தக்கியாவிலேயே ஜும்ஆ தொடங்க அனுமதி கேட்டு, மன்னார்ப் பிள்ளையின் தகப்பனும் இன்னும் இரண்டு பேரும் அன்று அஸர் தொழுகைக்குப் பிறகு வாப்பாவைப் பார்க்க வந்தார்கள். நான் தேத்தண்ணீர் கொண்டுபோய் வைத்தேன்.

"ஹாஜியார், எங்கள்ட்ட நாப்பதுக்கு மேல ஆம்புள இருக்கிறம்" என்றார் தகப்பன்.

வாப்பா சாய்ந்த கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "தல எண்ணி வேலையில்ல தம்பி. அந்த நாப்பது பேரும் ஊர்ல நிலையாக் குடியிருக்கிறவங்களா இருக்கணும். நீங்க திரும்பிப் போற நிய்யத்துல தானே இருக்கீங்க?"

அவர் தேத்தண்ணீர்க் கோப்பையைக் குடிப்பதா சோசரில் வைப்பதா என்று தெரியாதவர் மாதிரி பிடித்துக்கொண்டிருந்தார். வாப்பாவும் மேலே கேட்கவில்லை. "யோசிச்சு ஒரு முடிவு சொல்றன்" என்றார். வாப்பா கெட்டவரில்லை. சட்டம் தெரிந்தவர், அதில் கொஞ்சம் பெருமையும் உள்ளவர். நான் அடுப்படிக்குப் போகும் வழியெல்லாம் நிய்யத்து, நிய்யத்து என்று சொல்லிக்கொண்டே போனேன். மனதில் வைத்திருக்கிற எண்ணத்தை வைத்து ஓர் ஆளைக் கணக்கில் சேர்க்காமல் விடலாம் என்பது எனக்குப் புது விஷயம். அது எனக்கு உடனே பிடித்துப்போயிற்று.

மறுநாள் மன்னார்ப் பிள்ளை எழுந்து வந்தாள். கொட்டில் கொட்டிலாக ஏறி இறங்கி நாற்பது பெயர் எழுதியிருந்தாள். ஒரு பெயரிலும் அடித்தல் திருத்தல் இல்லை. பிறகு யாப்பை வாசித்தாள். அதில் இரண்டே விதிகள்.

"ஒண்டு. எங்கட மாநிலத்துல யாரையும் வீட்ட விட்டுப் போகச் சொல்லக் கூடாது. ரெண்டு. அப்பிடிச் சொன்னாலும், கோழிகளப் பிடிச்சுக் கூட்டுல அடைக்கிறதுக்கு நேரம் குடுக்கணும்."

சேர் கண்ணாடியைக் கழற்றிச் சாரத்தின் நுனியால்… இல்லை, பள்ளிக்கூடத்துக்கு அவர் காற்சட்டையில்தான் வருவார். கைலேஞ்சியால் துடைத்தார். இத்தனை வருடத்தில் சுவரிலிருந்த சாரமும் அவருடைய கைலேஞ்சியும் எனக்குள் கலந்துவிட்டன. நட்சத்திரத்தை முதல் நாளே வெட்டி வைத்திருந்தேன். அது என் உள்ளங்கையில் வியர்த்துக்கொண்டிருந்தது. எல்லாக் கைகளும் உயரப் போகின்றன. நான் அதைக் கொண்டுபோய் ஒட்ட வேண்டும். எழுத்தும் அவளுக்கு, கடலும் அவளுக்கு, ஈரலும் அவளுக்கு. இதுவும் என் கையாலேயே அவளுக்கா?

எழும்பினேன்.

"சேர், இந்த நாப்பது செல்லாது."

"ஏன்?"

"இவங்க இந்த ஊர் ஆக்கள் இல்ல. திரும்பிப் போற நிய்யத்துல இருக்கிறவங்க. போற நிய்யத்துல இருக்கிறவங்கள நாப்பதுல சேக்க முடியாது. வேணுமெண்டா கேட்டுப் பாருங்க."

இப்போது யோசித்தால், சேர் என்னைப் பார்த்து "வாய மூடிட்டு இரு" என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அவருக்கு என் வாதம் பிடித்துவிட்டது. பிள்ளைகள் இப்படிக் கேள்வி கேட்க வேண்டும் என்று ஆசைப்பட்ட மனுசன். "நல்ல கேள்வி" என்று சொல்லி அவள் பக்கம் திரும்பினார்.

"நீங்க சொல்லுங்க மகள். உங்கட ஆக்கள் இங்கயே இருப்பாங்களா, திரும்பிப் போவாங்களா?"

இருப்போம் என்றால் நட்சத்திரம். அது வகுப்பில் இருந்த எல்லோருக்கும் தெரியும். அவளுக்கும் தெரியும். நீலச் சாரத்தை ஒரு தரம் பார்த்தாள்.

"போவம் சேர்" என்றாள். "ஹஜ்ஜுப் பெருநாளைக்கு முந்திப் போயிருவம். எங்கட கோழியெல்லாம் வெளியிலதான் நிக்கிது."

சேர் அந்தத் தாளை வாங்கி இன்னொரு தரம் வாசித்தார். பிறகு, "அப்ப இப்போதைக்கு ஆள்புலமாவே இருக்கட்டும்" என்று மடித்து அவளிடம் கொடுத்தார். அவள் போய்ப் பின் வாங்கிலில் உட்கார்ந்தாள். வெட்டிய நட்சத்திரத்தை நான் என் கொம்பாஸ் பெட்டிக்குள் போட்டுக்கொண்டேன். கொஞ்ச நாளில் அது கறுத்துச் சுருங்கிப்போயிற்று. பெட்டி எப்போது தொலைந்தது என்று தெரியாது.

கதை அத்தோடு நின்றிருந்தால் பிள்ளைகளின் விளையாட்டு என்று விட்டுவிடலாம். நான் பெருமையாக வீட்டில் போய்ச் சொன்னேன். வாப்பா வயிறு குலுங்கச் சிரித்தார். "எண்ட மகள் மார்க்கச் சட்டம் பேசியிருக்கா" என்று பள்ளிவாசலில் எல்லோரிடமும் சொன்னார். அடுத்த தடவை மன்னார்ப் பிள்ளையின் தகப்பன் வந்தபோது அதையே அவரிடமும் சொன்னார். "உங்கட புள்ளயே வகுப்புல சொல்லியிருக்கு தம்பி, போறதாத்தான் நிய்யத்து எண்டு. இனி நான் என்ன செய்ய?" அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார். ஜும்ஆ இல்லை என்று ஆயிற்று. அவர்கள் முற்றத்து மணலிலேயே தொழுதார்கள்.

மறுநாள் காலை கிணற்றடியில் அவளைக் கண்டேன். வாளியைக் கீழே வைத்துவிட்டு, சண்டை பிடிக்கிற குரலில் இல்லாமல், உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவளாகக் கேட்டாள்.

"நான் பொய் சொல்லியிருக்கணுமா?"

அதற்குப் பிறகு எங்கள் வீட்டுச் சஹனில் அவள் உட்காரவில்லை. ஈரல் மறுபடி எனக்கே வந்தது. உம்மா அதை வைக்கும்போது என் முகத்தைப் பார்க்கமாட்டார்.

ஹஜ்ஜுப் பெருநாள் வந்தது. அவர்கள் போகவில்லை. அடுத்த பெருநாளுக்கும் போகவில்லை. தக்கியா கல்லுப் பள்ளியாகி, அங்கே ஜும்ஆ தொடங்கியபோது எனக்குக் கலியாணமாகி ஒரு பிள்ளையும் இருந்தது. அதற்குள் அவள் எழுதிய அந்த நாற்பது பேரில் ஒன்பது பேர் எங்கள் ஊர் மையவாடி மண்ணுக்குள் நிலையாகக் குடியேறிவிட்டார்கள். அவளுடைய தகப்பனும் அதில் ஒருவர்.

நானும் அவளும் மெதுவாகப் பேசப் பழகினோம். ஒரே கிணற்றில் அள்ளுகிறவர்கள் எத்தனை நாளைக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டு இருப்பது? என் பிள்ளைகளுக்கு எழுத்துப் பழக்கியது அவள்தான். அவர்களுடைய எழுத்து அழகாக இருக்கிறது. அதைப் பார்க்கும்போதும் எனக்கு எரியும். உம்மா மவுத்தான அன்று நான் ஒரு மூலையில் விறைத்துப்போய் இருந்தேன். வேலியால் ஓடி வந்து, உம்மாவைக் குளிப்பாட்டி, கபன் துணி சுற்றிக் கொடுத்தது அவள்தான். அன்றைக்கும் எனக்குள் அந்தப் பழைய கேள்விதான் வந்தது. என் உம்மாவை இவளா?

யுத்தம் முடிந்து சில வருடங்களில் அவள் புருசனோடு மன்னாருக்குத் திரும்பிவிட்டாள். போன மாதம் தொலைபேசியில் அழைத்தாள்.

"ஒரு உதவி வேணும்" என்றாள். "காணி விசயமா ஒரு அரசாங்கக் கந்தோருக்குப் போனன். இங்க எங்களப் புத்தளத்து ஆக்கள் எண்டுறாங்க. அங்கயே நிலையாக் குடியிருந்தவங்களாம், இங்க உரித்து இல்லையாம். உங்கட தோட்டத்துல தற்காலிகமாத்தான் இருந்தம் எண்டு காணிக்காரர் கையால ஒரு கடிதம் கேக்குறாங்க. வாப்பா இல்ல, இப்ப நீதானே காணிக்காரி."

"எழுதித் தாறன். என்னெண்டு எழுத?"

"அண்டைக்கு வகுப்புல எழும்பி நிண்டு சொன்னியே. அதையே எழுது."

நான் தொலைபேசியை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"என்ன, சத்தத்தக் காணல்ல? நாங்க அந்த ஊர் ஆக்கள் இல்ல எண்டு உன்னப் போல வேற யாரு தெளிவாச் சொன்னது?" என்றாள். குரலில் குத்தல் இருந்ததா என்று எவ்வளவு யோசித்தும் எனக்குப் பிடிபடவில்லை.

பேனையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். 'இவர்கள் எங்கள் தோட்டத்தில் இருபது வருடத்துக்கு மேல் இருந்தார்கள். ஆனால் ஒரு நாளும் எங்கள் ஊரவராக இருக்கவில்லை. திரும்பிப் போகும் நிய்யத்தோடுதான் இருந்தார்கள்' என்று எழுதினேன். எழுதியதை வாசித்துப் பார்த்துவிட்டுப் பேனையைக் கீழே வைத்தேன். அன்று நான் வகுப்பில் சொன்னது உண்மை. அதைக் கொண்டு அவளுடைய நட்சத்திரத்தைப் பறித்தேன். இன்று அதே வரி பொய். எங்கள் மையவாடியில் தகப்பனை அடக்கி, என் உம்மாவைக் குளிப்பாட்டியவள் எங்கள் ஊரவள் இல்லை என்றால் வேறு யார் எங்கள் ஊரவர்? ஆனால் இந்தப் பொய்யை நான் எழுதிக் கொடுத்தால்தான் அவளுக்கு அவளுடைய ஊர் கிடைக்கும்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அப்போதும் எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது. இரண்டு ஊர்க்காரரும் இவளை எங்கள் ஆள் இல்லை என்கிறார்கள், இவளோ இரண்டு ஊரிலும் ஆளாக இருக்கிறாள். பிறந்த இடத்திலேயே இருக்கிற என்னிடம் உன் நிய்யத்து என்ன என்று யாரும் ஒரு நாளும் கேட்டதில்லை.

'இதற்கு நான் சாட்சி' என்று முடித்துக் கையெழுத்து வைத்தேன். தபாலில் போடுவதற்கு முதல் படமெடுத்து அவளுக்கு அனுப்பினேன். ஐந்து நிமிடத்தில் மறுபடி அழைத்தாள்.

"காணும். இது போதும்" என்றாள். பிறகு, "எழுத்து இன்னும் கோணல்தான்" என்றாள்.